மயிலையை அவிழ்த்துவிட்ட நாள்

கன்றுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு என் புருசன் முன்னால் நடந்தார். கன்றின் வாலைப் பார்த்தபடி மாடு பின்னால் நடந்தது. மாட்டின் வாலைப் பார்த்தபடி நான் நடந்தேன். என் கையில் ஒரு பூவரசங் கம்பு. அதற்கு வேலையே வரவில்லை.

அக்கராயன் குளக்கட்டு வழியாகத்தான் வந்தோம். பின்னேர வெயில் குளத்துத் தண்ணீரில் பட்டு முகத்தில் அடித்தது. கன்று அவருடைய சட்டையை நனைத்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கல்யாணத்துக்குப் பொம்பிளை அழைத்துக்கொண்டு போகிறவர் மாதிரி நிமிர்ந்து நடந்தார்.

எதிரே சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு வந்த பெடியன் ஒருவன் காலை ஊன்றி நின்று, "அக்கா, நீங்கள் மாட்டைக் கூட்டிக்கொண்டு போறியளோ, மாடு உங்களைக் கூட்டிக்கொண்டு போகுதோ?" என்று கேட்டான்.

"தள்ளி நில், உன்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுவன்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே வழி விட்டான். மாடு நடுவழியில் நின்று சாவகாசமாகச் சாணி போட்டது. என் வீட்டுக்கு வந்த முதல் சொத்து அது. குனிந்து இரண்டு கையாலும் அள்ளி, ஒரு தேக்கிலையில் சுற்றிக்கொண்டு நடந்தேன்.

போன கிழமை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் கூரை வேய்ந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், எழுதுகிற அம்மாவுக்கு ஏன் எதற்கெடுத்தாலும் கோபம் என்று கேட்டாராம். ஆகவே இந்தக் கிழமை சந்தோசமான கதை. இடையில் கோபம் வந்தால் அது என் பிழையில்லை, நடந்தது அப்படி.

கூலிக்கு வந்த மாடு

சண்டையில் ஆமி கிளிநொச்சியைப் பிடித்து, அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் எங்கள் பக்கம் வந்து குவிந்த காலம். மரத்துக்கு மரம் ஒரு குடும்பம். அப்படி வந்தவர்களில் ஒருவர் நாகமணி. முரசுமோட்டையில் நிறைய வயலும் பெரிய மாட்டுப் பட்டியும் வைத்திருந்தவர். வீட்டை விட்டுவிட்டு மாடுகளைச் சாய்த்துக்கொண்டு வந்திருந்தார். அக்கராயன் குளத்துக்குக் கீழே யாருடைய வயலையோ குத்தகைக்கு எடுத்து அந்த மாரிமழைக்குக் காலபோக நெல் விதைத்தார்.

நானும் என் புருசனும் அந்த வயலில் களை பிடுங்கினோம், வெட்டினோம், சூடடித்து நெல்லைப் பிரித்தோம். புருசன் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள். அவர் பெயர் ராமையா. சொல்லிவிட்டேன், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லோரும் நாகமணியை ஐயா என்பார்கள். நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். முதல் தடவை கூப்பிட்டபோது பக்கத்தில் நின்றவரிடம், "தோட்டக்காட்டுச் சனத்துக்கு வாய் கூடத்தான்" என்றார். எனக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் எனக்கு நித்திரை வராது. என் அப்பாவும் அம்மாவும் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தில் அடி வாங்கி, உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தவர்கள். நான் அப்போது இடுப்புப் பிள்ளை. இந்தக் காட்டை வெட்டி, வேர் பிடுங்கி, பாம்புகளோடு படுத்து எழும்பி வயலாக்கியது எங்கள் சனம். இத்தனை வருசத்துக்குப் பிறகும் நாங்கள் தோட்டக்காட்டார். தன் வீட்டை இழந்து மரத்துக்குக் கீழே படுத்துக் கிடக்கிறவருக்கும், எங்களைப் பார்த்ததும் எப்படித்தான் ஒரு படி உயரம் கூடுகிறதோ தெரியவில்லை.

சூடடிப்பு முடிந்தபோது கூலி கொடுக்க அவரிடம் காசு இல்லை. முரசுமோட்டைக் கணக்கில் அவர் இன்னும் பணக்காரர், அக்கராயன் கணக்கில் எங்களைப் போலத்தான். ஒரு மாடும் கன்றும் தரட்டுமா என்று கேட்டார். ராமையா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவர் மாட்டை வாங்கிவிட்டது தெரிந்தது.

பட்டிக்குள் போய் நான்தான் பார்த்து எடுத்தேன். சாம்பல் நிறம், சிறிய கொம்பு, கன்று போட்டு அதிக நாள் ஆகாதது. நாகமணி அதை மயிலை என்றார். ராமையா அன்றைக்கே லெட்சுமி என்று பெயர் மாற்றினார். மாடு இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

வெறுந்தேத்தண்ணிப் பிள்ளை

மாடு வேண்டியிருந்தது எங்கள் மகளுக்காக. அவளுக்கு அப்போது மூன்று வயது இருக்கும். மலேரியா இரண்டு தரம் வந்து போயிருந்தது. கால்கள் இரண்டும் முருங்கைக்காய். வயிறு மட்டும் முன்னால் நிற்கும். நடந்தால் பத்தடியில் குந்திவிடுவாள்.

குடும்ப நல மருத்துவமாது வந்து பார்த்தார். பிள்ளைக்கு மருந்தைவிடப் பால்தான் வேண்டும், ஒவ்வொரு நாளும் கொடுங்கோ என்றார். எங்கே பிழிந்து கொடுப்பது என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. அவருடைய வீட்டிலும் பால்மா இல்லை. சாமான் வருகிற பாதையை மூடிய பிறகு, பால்மா என்ற ஒன்று உலகத்தில் இருந்தது என்பதையே நாங்கள் மறந்துகொண்டிருந்தோம். எப்போதாவது கூட்டுறவுச் சங்கக்கடைக்கு வந்ததென்று சத்தம் கேட்டு ஓடினால், வரிசையின் வால்தான் கிடைக்கும்.

என் மகள் பிறந்து, முலைப்பால் மறந்த நாளிலிருந்து குடித்தது பால் விடாத வெறுந்தேத்தண்ணி. பனங்கட்டி இருந்தால் ஒரு கடி. இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

ஆகவே மாடு வந்தது எங்களுக்குச் சின்ன விசயம் இல்லை. அந்தப் பிள்ளை எழும்பி நடப்பதும் நடக்காததும் அந்த மடியில்தான் இருந்தது.

சாக்குக் கொட்டில்

ராமையா மாட்டுக்குக் கட்டிய கொட்டில் எங்கள் வீட்டைவிட நன்றாக இருந்தது. தரையை மண் போட்டு இறுக்கி, மூத்திரம் ஓடுவதற்குச் சின்ன வாய்க்கால் வெட்டினார். பழைய மரத்தைக் குடைந்து தொட்டி செய்தார். நான்கு பக்கமும் சாக்குக் கட்டி மறைத்தார். அந்தக் காலத்தில் சாக்கு எவ்வளவு அருமை என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பதுங்குகுழிக்கு மண் நிரப்பச் சாக்கில்லாமல் சேலையைத் தைத்த காலம். இவர் எங்கெங்கோ கேட்டுச் சேர்த்து மாட்டுக்குச் சுவர் கட்டினார்.

விடிய எழும்பிக் குளத்தடியில் போய்ப் புல் அறுத்துத் தலையில் சுமந்து வருவார். மண் போகக் கழுவித் தொட்டியில் போடுவார். மாடு முகர்ந்து பார்க்கும். பிறகு முகத்தைத் திருப்பும்.

"சாப்பிடும்மா, சாப்பிடு" என்று அவர் பக்கத்தில் நின்று கெஞ்சுவார். எனக்கு அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னது கிடையாது.

முதல் நாள் தகரப் பேணியில் அரைப் பேணி பால் கிடைத்தது. அடுத்த நாள் அதிலும் குறைவு. அதற்கடுத்த நாள் காலைத் தூக்கிப் பேணியை உதைத்தது. பேணி வேலியில் போய் விழுந்தது. கன்றை விட்டு ஊட்டிப் பார்த்தோம். கன்று முட்டி முட்டி இழுத்துவிட்டுக் கத்தியது. அதற்கே போதவில்லை. மாட்டின் விலா எலும்பு தெரியத் தொடங்கியது. நாக்கை வெளியே போட்டுக்கொண்டு இளைத்தது.

பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒருவரும் வாயைத் திறந்து இன்னதுதான் பிழை என்று எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். 

மகள் ஒவ்வொரு நாளும் பேணியை எட்டிப் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். அது கேட்பதைவிடக் கொடுமை.

சண்டைக்குப் போனேன்

நாகமணி எங்களைச் சுத்திவிட்டார் என்று முடிவு கட்டினேன். பால் இல்லாத மாட்டைத் தள்ளிவிட்டிருக்கிறார், தோட்டக்காட்டாருக்கு என்ன தெரியும் என்று நினைத்திருக்கிறார். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு போனேன்.

அவர் மரத்தடியில் கதிரை போட்டு இருந்தார். நான் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது, ஆசிரியர் வெட்டிவிடுவார். சுருக்கம் இதுதான்: உங்கட மாட்டை நீங்களே வந்து கொண்டுபோங்கோ, எங்கட கூலியைத் தாங்கோ.

அவர் பதிலுக்குக் கத்தவில்லை. என் பட்டியில் நல்லாய்ப் பால் தந்த மாடு அது, நானே வந்து பார்க்கிறேன் என்று சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார். வழி முழுக்க நான் முன்னால், அவர் பின்னால். 

கொட்டிலுக்குள் குனிந்து போனவர், போன வேகத்திலேயே வியர்த்துக்கொண்டு வெளியே வந்தார்.

"உதென்ன பிள்ளை, மாட்டை மறியலிலை அடைச்சு வைச்சிருக்கிறியள்? அது என்ன குற்றம் செய்தது?"

ராமையா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "மாடுன்னா கட்டிப்போட்டுத்தானுங்களே வளப்பாங்க" என்றார்.

"ஆர் வளப்பினம்?"

"நாங்க வளப்போம்."

நாகமணி சிரிக்க வாயெடுத்தார். பிறகு ராமையாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

தேயிலைக்குள் மாடு

ராமையா மலையில் வளர்ந்தவர். விவரம் தெரிந்த வயதில் வன்னிக்கு வந்தவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் அவருடைய அப்பா ஒரு பசு வைத்திருந்தாராம். தோட்டத்தில் மாடு வைத்திருக்கலாம், ஆனால் மாடு வெளியே கால் வைக்கக்கூடாது. வைத்தால் தேயிலை. தேயிலையில் வாய் வைத்தால் காவல்காரன் பிடித்துக்கொண்டு போவான். ஒரு நாள் கயிறு அறுந்து இவர்களுடைய பசு இளந்தேயிலைக்குள் போய்விட்டது. பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவேயில்லை. அப்பா, தோட்டத்துத் துரையின் பங்களா வாசலில் போய் நின்று நின்று பார்த்துவிட்டு, கடைசியில் கொட்டிலைப் பிரித்து விறகாக்கினாராம்.

அதனால் அவருக்கு மாடு என்றால் கொட்டில். அங்கே மலைக்குளிருக்குச் சாக்குக் கட்டுவார்கள். இவர் வன்னி வெயிலுக்குள் சாக்கைக் கட்டி மாட்டை அவித்திருக்கிறார்.

நான் அவரோடு வாழ்ந்த இத்தனை வருசத்தில் அந்தப் பசுவின் கதையை அன்றைக்குத்தான் கேட்டேன். அதுவும் என்னிடம் சொல்லவில்லை, நாகமணியிடம் சொன்னார்.

நாகமணி கேட்டுவிட்டுச் சால்வையால் முகத்து வியர்வையைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "எங்கட மாடு கொட்டில் கண்டதில்லை, தம்பி. விடிய அவிட்டுவிட்டால் வயல், காடு, குளம் எண்டு மேயும். இப்ப வயலும் வெட்டியாச்சு, ஆரும் துரத்தமாட்டினம். கண்டுக்குட்டியை இஞ்சை கட்டி வையுங்கோ. பின்னேரம் கண்டைத் தேடித் தானா வரும்."

"வராட்டி?" என்று கேட்டேன்.

 அவர் கிளிநொச்சிப் பக்கம் பார்த்தார்.

இங்கே வந்த புதிதில் அவருடைய பட்டியில் சில மாடுகள் ஒரு நாள் காலை மேயப் போய், வந்த வழியே திரும்பி நடந்துவிட்டனவாம். முரசுமோட்டைக்கு. இடையில் ஆமி நின்றது. கண்ணிவெடி இருந்தது. ஒன்றும் மிஞ்சவில்லை.

"மாட்டுக்கு ஊர்தான் தெரியும், பிள்ளை. ஊர் ஆரின்ரை கையிலை எண்டு தெரியாது. இது போகாதெண்டு நான் பொய் சொல்லமாட்டன். பயமெண்டால் திருப்பித் தாங்கோ. அடுத்த போகம் நெல்லாத் தாறன்."

முதல் தடவையாக அந்த மனிசனில் எனக்கு ஒரு மதிப்பு வந்தது. விற்ற மாட்டைப் பற்றி உண்மை சொல்லுகிறவர்கள் குறைவு.

படலை திறந்தது

ராமையா திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார். அடுத்த போகத்துக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று நான் கேட்டேன். அதுவரைக்கும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று கேட்டேன்.

"போயிருச்சுன்னா என்ன புள்ள செய்வ?"

"இங்கயே நின்னு காஞ்சு செத்தாலும் போனதுதானே. போற வழியில புல்லாவது தின்னும்."

அவர் கயிற்றைத் தொடவில்லை. நான்தான் போய் அவிழ்த்தேன். கன்றை முற்றத்து வேம்பில் கட்டினேன். வேலிப் படலையைத் திறந்து வைத்துவிட்டு விலகி நின்றேன்.

மாடு வெளியே வந்து வெளிச்சத்தில் கண்ணைச் சிமிட்டியது. கன்றை நக்கியது. பிறகு என் வேலியில் நின்ற பூவரசில் ஒரு கொப்பை இழுத்து முறித்துத் தின்றது. இத்தனை நாளும் கழுவிய புல்லை முகர்ந்து பார்த்த மாடு, வேலியைத் தின்றது. தின்னட்டும் என்று விட்டேன்.

வெளியே ஒழுங்கை வழியில் இறங்கிக் கிளிநொச்சிப் பக்கம் திரும்பியது.

ராமையா பாய்ந்தார். நாகமணி அவருடைய கையைப் பிடித்தார். "பின்னாலை போனால் கலைக்கிற மாதிரி அதுக்கு. நில்லும்" என்றார். ஒழுங்கை வளைவில் அதன் வால் மறையும்வரை மூன்று பேரும் நின்று பார்த்தோம். நாகமணி பிறகு தன் பாட்டில் போய்விட்டார். போகும்போது முகம் சரியில்லை.

அன்றைக்கு நான் உலை வைக்கவில்லை. படலையடிக்கும் குசினிக்கும் நடந்ததுதான் வேலை. ராமையா கன்றுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அதன் காதில் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் கிளிநொச்சிப் பக்கமிருந்து செல் குண்டு விழும் சத்தம் கேட்டது. வழக்கமான சத்தம்தான். வழக்கமாக எங்கே விழுகிறது, யாருக்கு விழுகிறது என்று நினைப்போம். அன்றைக்கு நான் மாட்டை நினைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அதைத்தான் நினைத்தேன்.

சாமியைக் கும்பிடவில்லை. திட்டினேன். அதுவும் ஒரு வகைக் கும்பிடு என்று யாராவது சொல்லவேண்டாம். திட்டுத்தான்.

வெயில் சாய்ந்தது. ஊர் மாடுகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒழுங்கையால் வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிவலை, கறுப்பு, வெள்ளைப் புள்ளி. சாம்பல் நிறம் இல்லை. மாடுகள் போய்ப் புழுதி அடங்கியும் இல்லை.

ராமையா எழும்பிக் கொட்டிலுக்குப் போனார். சாக்குகளை ஒன்று ஒன்றாக அவிழ்த்து மடித்து அடுக்கத் தொடங்கினார்.  அவர் அப்பா கொட்டிலைப் பிரித்ததுதான் என் மனதில் ஓடியது.

அப்போது கன்று துள்ளி எழும்பியது. காதை நிமிர்த்தி, ஒழுங்கைப் பக்கம் இல்லை, வீட்டுக்குப் பின்பக்கம் பார்த்துக் கத்தியது. பின்வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பதில் வந்தது. தொண்டைக்குள்ளிருந்து வருகிற, தாய் மாடுகள் கன்றுக்கு மட்டும் கொடுக்கிற சத்தம்.

படலை திறந்து கிடக்க, அந்த மாடு என் பின்வேலியை முறித்துக்கொண்டு வந்தது. முழங்கால்வரை குளத்துச் சேறு. விலாவில் முள்ளுக் கீறல். வயிறு உருண்டு இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு நின்றது. மடி காம்பு விரிந்து புடைத்திருந்தது. எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு கன்றிடம் போனது.

கொட்டிலுக்குக் கொண்டுபோகவா என்று ராமையா கேட்டார். அதை அசைக்காதீங்க என்றேன். கன்றைக் கொஞ்சம் ஊட்டவிட்டுப் பிரித்துத் தாயின் முகத்துக்கு நேரே கட்டினேன். மாடு கன்றை நக்கிக்கொண்டு நின்றது. நான் முற்றத்து மண்ணில் குந்தினேன். முதல் பீச்சு வெறும் பேணியில் டங் என்று விழுந்தது. பிறகு சத்தம் மாறியது. பால்மேல் பால் விழும் சத்தத்துக்கு ஒரு கனம் இருக்கிறது. பேணி நிறைந்தது. செம்பு கொண்டு வரச் சொன்னேன். அதுவும் நுரை கட்டியது.

ராமையா கண்ணைத் துடைத்தார். புழுதி என்றார். புழுதிதான்.

கொஞ்சம் சாயம்

முதல் பாலை முனியாண்டிக்கு ஊற்றவேண்டும் என்று ராமையா சொன்னார். மலையில் அப்படித்தான் வழக்கமாம். முனியாண்டிக்கு மலேரியா வரவில்லை, நாளைக்கு ஊற்றலாம் என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பாலைக் காய்ச்சினேன். ஆற்றி, மகளுடைய கோப்பையில் விட்டு வாயருகே கொண்டுபோனேன். அவள் பார்த்தாள். முகர்ந்தாள். முகத்தைத் திருப்பினாள்.

"வெள்ளையா இருக்கு. வேணாம்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கோப்பையை என்ன செய்திருப்பேனோ. ஒரு பகல் முழுக்கச் செத்துப் பிழைத்து வாங்கிய பால். ராமையா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து வேம்பில் சாய்ந்துவிட்டார். "அவ பாலக் கண்டாளா புள்ள, தேத்தண்ணியத்தானே கண்டா" என்றார்.

அவரே குசினிக்குள் போய்த் தேயிலைச் சாயம் வடித்து வந்து, பாலில் கொஞ்சமாக ஊற்றினார். நிறம் மாறியது. மகள் எட்டிப் பார்த்தாள். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தாள். கோப்பைக்குள்ளேயே மூச்சு விட்டுவிட்டு மறுபடி குடித்தாள். அடியில் இருந்ததை விரலால் வழித்தாள்.

மிச்சத்தில் எங்களுக்கும் ஒரு வாய். பிறந்ததிலிருந்து தேயிலைக்குள் வளர்ந்த மனிசன், பால் விட்ட தேத்தண்ணி குடித்துப் பல வருசம். கோப்பையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக்கொண்டு கனநேரம் குடித்தார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். சாயம் கூடிப்போச்சு என்றார்.

அடுத்த நாள் விடிய அவர் எழும்ப முன்னம் பால் கறந்தேன். மாட்டை அவிழ்த்தேன். அது படலையால் போய்க் கிளிநொச்சிப் பக்கம் திரும்பியது. வால் மறையும்வரை நான் நின்று பார்க்கவில்லை. உலையில் அரிசி கிடந்தது, மகள் எழும்பிவிட்டாள்.